நீ விட்ட படிப்புக்கு நான் அனுப்பிய காலி வண்டி

மகனே,

போன புரட்டாசியில், இரண்டாம் வருஷத்தின் நடுவில், நீ என்ஜினியரிங் படிப்பை விட்டுவிட்டாய். நீ இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லும் ஒரு காகிதத்தில் உன்னிடமே கையெழுத்து வாங்கி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையை இன்னொரு வருஷத்துக்கு நான் வாங்கினேன். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ கேட்டபோது, அதில் இல்லாத ஒன்றைப் படித்துக் காட்டினேன். நடந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அது எப்படி நடந்தது, அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதுதான்.

நாளைக் காலையில் நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். பையை நீயே கட்டிவிட்டாய். இதையெல்லாம் வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் அறைக்கு வந்தேன். முதல் தடவை, "சாம்பார்ல உப்பு சரியா கீதாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை நீ காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாய். அதனால் எழுதினேன். என் கையெழுத்தை உன் போன் படிக்காது, கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆகவே படப்பையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பெண்ணிடம் நோட்டைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னேன். அவள் இரண்டாம் பக்கத்தில் கையை எடுத்துவிட்டு, "அக்கா, இத நான் படிக்கலாமா?" என்றாள். "படிக்காம எப்படிம்மா அடிப்பே?" என்றேன். ஒருத்தி படித்தாகிவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். பிள்ளை பாதியில் படிப்பை விட்ட வீடு இந்த ரோட்டில் நம் வீடு மட்டும் இல்லை. மற்றவர்களும் என்னைப் போலவே யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இது இருக்கட்டும்.

உன்னை மெக்கானிக்கலில் சேர்த்தது நான்தான் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் பேக்டரி கேட். நீ கைக்குழந்தையாக இருந்தபோது இந்தப் பக்கம் ஒவ்வொரு பேக்டரியாக வந்துகொண்டிருந்தது. இயந்திரங்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்து மரத்தை வெளியே எறிவார்கள். சேரப்பணஞ்சேரியில் எல்லாரும் அதை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஆணியைப் பிடுங்கினேன், பலகையை அளவு வாரியாக அடுக்கினேன், சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அதான் பேலட், அதைச் செய்கிறவனிடம் கொண்டுபோய் விற்றேன். அடுத்த வருஷம் பேலட்டை நானே அடித்தேன். "உங்கம்மா எமனாண்ட போனாலும் மொதல்ல அங்க பழைய மரம் இன்னா ரேட்டுன்னு கேப்பா" என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். மறைமலை நகரிலிருந்து பென்னலூர் வரை எத்தனை ஸ்டோர் மேனேஜர்களுக்கு நான் வணக்கம் வைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அந்த வணக்கம் எல்லாம் ஒருநாள் உன் வேலைக்கு ஆகும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன்.

நீ எட்டாவது படிக்கும்போது உன் பக்கவாட்டில் வரும் சைக்கிள் உனக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தோம். டாக்டர் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி என் கண்ணில் வைத்து, "உங்க பையன் இப்படித்தாம்மா பாக்கறான். இந்தக் குழலும் வரவர சின்னதாகும்" என்றார். அந்தக் குழலில் டாக்டரின் மூக்கு மட்டும் தெரிந்தது. வெளியே வந்து நான் அழவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். அது தைரியம் என்று நீ நினைத்திருப்பாய். அழுதால் நிற்க வேண்டும், நிற்க எனக்குப் பயம். அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது முடித்ததும், "வரலாறு படிக்கிறேன்மா" என்றாய். "செத்தவன் கதைய படிச்சு இன்னாடா பண்ணப்போறே?" என்று கேட்டேன். "கத்துக் குடுப்பேன்" என்றாய். அதே வாரம் அந்த என்ஜினியரிங் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்தார். உன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கட்டணத்தை அரசாங்கமே நேராகக் கல்லூரிக்குக் கட்டிவிடும், உன் கணக்குக்கும் தனியாகப் பணம் வரும், புத்தகத்துக்கு, பேருந்துக்கு, உனக்குப் படித்துக் காட்டும் ஆளுக்குக் கூலி என்று தனித்தனியாகப் போட்டுத் தருவார்கள் என்று சொன்னார். "நீங்க கைய விட்டு ஒரு பைசா எடுக்க வேணாம்மா" என்றார். கை விட்டு எடுக்காமல் வரும் சரக்கை நான் எந்தக் காலத்திலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உன் கண்ணுக்கு லேத்தும் டிராயிங் போர்டும் ஒத்துவருமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணம் எந்தப் படிப்பில் சுலபமாக வருகிறதோ அந்தப் படிப்பில் உன்னை ஏற்றிவிட்டேன். முதல் தப்பு அது. அதற்கு நீ சம்மதித்தது என் முகத்துக்காக.

இரண்டாம் வருஷம் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது உன் சட்டைக் கை, உனக்குத் தெரியாத பக்கத்தில், சுற்றுகிற இரும்புக்கு விரற்கடை தூரத்தில் போயிற்று. பயிற்சி கொடுப்பவர் உன் காலரைப் பிடித்து இழுத்தார். இரண்டு பட்டன் தெறித்தது. அதற்கப்புறம் உனக்கு வேறு விதமாகக் கற்றுக்கொடுக்க அங்கே யாரும் யோசிக்கவில்லை. கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டார்கள். உன் வேலையைப் பக்கத்துப் பையன் செய்தான். நீ வீட்டுக்கு வந்து, "ம்மா, நான் சும்மா ஸ்டூல்ல உக்காந்துகினு கீறேன், எனக்கு மார்க் போடறாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. "உக்காந்தா மார்க் வருதுன்னா உனக்கு எங்கடா வலிக்குது?" என்று கேட்டேன். உன் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மூன்று வாரம் பொறுத்தாய். ஒருநாள் மத்தியானம் ஒரகடம் ஜங்ஷனில் கல்லூரி பஸ்ஸை நிறுத்தி இறங்கி, கன்டெய்னர் லாரிகள் திரும்பும் அந்த ரோட்டைத் தனியாகக் கடந்து நம் மர யார்டுக்கு வந்தாய். "இனிமே போகமாட்டேன். நின்னுட்டேன்" என்றாய். ஆணி அடிக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். உன் அப்பா உடனே "சரிடா" என்றார். நான், "ஒரு மாசம் வூட்ல இரு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். நீ அதை சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். நான் சொன்னது தவணை.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேக்டரிக்குள் போய் மரம் எடுக்க கேட் பாஸ் வேண்டும். இரண்டு மாதம் வண்டி உள்ளே போகவில்லை என்றால் பாஸ் செத்துவிடும், அந்த இடத்தில் வேறொருவன் நுழைந்துவிடுவான். அதனால் எடுக்க மரமே இல்லாத மாதத்திலும் நம் சின்ன லாரி, அந்தக் குட்டி யானையைக் காலியாக உள்ளே அனுப்புவேன். ஒரு சுற்று சுற்றி, கேட்டில் ரெஜிஸ்டரில் பதிந்துவிட்டு வெளியே வரும். "இன்னாக்கா, காத்தை ஏத்திகினு போறியா?" என்று செக்யூரிட்டி சிரிப்பான். சிரிக்கட்டும், பாஸ் உயிரோடு இருக்கும். இந்தத் தந்திரத்தால் நான் பிழைத்த வருஷங்கள் உண்டு. உன் விஷயத்திலும் அதையே செய்தேன். நீ திரும்பிப் போவாய், அதுவரை இடம் செத்துப்போகக் கூடாது என்று உன் பெயரைக் காலி வண்டியாகக் கல்லூரிக்குள் அனுப்பினேன்.

கல்லூரி அலுவலக மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கும் என் கணக்கு சீக்கிரம் புரிந்தது. "பேரு ரோல்ல இருந்தா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. மெடிக்கல் லீவுன்னு ஓட்டிக்கலாம். ஸ்காலர்ஷிப் ரினியூவல் ஃபார்ம்ல பையன் சைன் மட்டும் வாங்கியாங்க" என்றார். அந்தப் படிவம் என் பையில் வீட்டுக்கு வந்தது.

ஐப்பசி மழை. மின்சாரம் இல்லை. நீ சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். "கையெழுத்து போடுடா" என்றேன். "இன்னா பேப்பர்மா?" என்றாய். "நின்னுட்டேன்னு எழுதிக் குடுக்கற லெட்டர். சர்டிபிகேட் திருப்பி வாங்கறதுக்கு" என்றேன். "முழுசா படி" என்றாய். முழுசாகப் படித்தேன், இல்லாத கடிதத்தை. ஐயா என்றேன், என் பார்வைக் குறைவு காரணமாக என்றேன், படிப்பைத் தொடர இயலவில்லை என்றேன். ரேட் பேசிப் பேசிப் பழகிய வாய், தடுமாறவே இல்லை. நீ நடுவில் நிறுத்தினாய். "பார்வைக் குறைவுன்னு போடாதம்மா. எனக்கு வேண்டிய வசதி செஞ்சு தரலன்னு போடு. அதான நெஜம்?" என்றாய். "மாத்தச் சொல்றேன்" என்றேன். என் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாய். போட்டுவிட்டு என் கையில் உரித்த கடலையை வைத்தாய். அதையும் தின்றேன்.

உன் போன் எந்தக் காகிதத்தையும் உரக்கப் படிக்கும். அன்றைக்கு அதை நீ எடுக்கவில்லை. அம்மா இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டாய்.

மாசியில் உன் கணக்குக்கு நாற்பத்திரண்டாயிரம் வந்தது. உன் ஏடிஎம் அட்டை என்னிடம் இருந்தது. தொடவில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தொட்டேன். ஆணி அடிக்கும் கம்ப்ரசர் ஒன்று நல்ல விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். சும்மா கிடக்கிற பணத்தைச் சுற்றவிடுவதுதான் புத்திசாலித்தனம், பையன் திரும்பப் போகும்போது வைத்துவிடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதி உனக்குப் படித்துக் காட்டுகிற ஆளுக்கான கூலி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீ திரும்பப் போகவில்லை. எனக்குத் தெரியாமல் சென்னையில் அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, வரலாற்றில் இடமும் வாங்கிவிட்டாய். வைகாசியில் அதைச் சொன்னபோது உன் குரல் இரண்டு வருஷத்துக்கு முந்தைய குரலாக இருந்தது.  பழைய கல்லூரியில் உன் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உன் ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் அவர்கள் பீரோவில். நீ ஒவ்வொரு நாளும், "டிசி வந்துச்சாம்மா?" என்று கேட்டாய். "நாளைக்கு தரேன்னு சொன்னாங்கடா" என்றேன். எத்தனை நாளைக்கு அந்த நாளை! புதுக் கல்லூரியில் நீ உதவித்தொகைக்குப் பதிவு செய்ததும், ஒரே பையன் எப்படி இரண்டு கல்லூரியில் படிக்கிறான் என்று கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது.

ஆனியில் ஒரு திங்கட்கிழமை தபால்காரர் காஞ்சிபுரம் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்திலிருந்து உன் பெயருக்கு வந்த ஒரு கவரைக் கொடுத்தார். நான் கை நீட்டுவதற்குள் நீ வாங்கிவிட்டாய். கூடத்தில் நின்றபடியே பிரித்து போனைக் காட்டினாய். போனுக்குள் இருக்கும் பெண் குரல் நிறுத்தாமல் படித்தது. தாங்கள் இரண்டாம் ஆண்டு பயின்றுவருவதாக உறுதியளித்துக் கையொப்பமிட்ட புதுப்பித்தல் விண்ணப்பத்தின்படி தொகை வழங்கப்பட்டது. தாங்கள் இடையில் நின்றுவிட்டதாகத் தெரிகிறது. பத்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளித்துத் தொகையைத் திருப்பிச் செலுத்தத் தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். நீ அதை இரண்டாம் தடவை ஓடவிட்டாய். பிறகு நான் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, "ம்மா, நான் எப்ப கையெழுத்து போட்டேன்?" என்றாய்.  நீயே கண்டுபிடித்தாய். "கடல உரிச்ச அன்னிக்கா?" என்றாய். "ஆமாம்" என்றேன்.

நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். நீ பேச்சை நிறுத்தினாய். அன்றிலிருந்து நான் கொடுத்த எல்லாவற்றுக்கும் போனைக் காட்டினாய். மாத்திரை அட்டைக்குக் காட்டினாய். கரண்ட் பில்லுக்குக் காட்டினாய். மளிகைக் கடை சீட்டைக் கொடுத்து சாமான் வாங்கி வரச் சொன்னால் அதையும் அந்தக் குரல் துவரம் பருப்பு ஒரு கிலோ என்று கூடத்தில் நின்று படித்தது. வாழைப்பழத்துக்கு மட்டும்தான் காட்டவில்லை. மறுவாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் வராவிட்டால் சென்னையில் உன் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதையும் நீ எனக்குச் சொல்லவில்லை, உன் அப்பாவிடம் சொன்னாய், என் காதில் விழும்படி.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் பழைய கல்லூரிக்குப் போனேன். பேசி முடித்துவிடலாம், பேசி முடியாத விஷயம் என்ன இருக்கிறது என்ற திமிர். மேலாளர் டீ வரவழைத்தார். "பாதியில நின்னா மீதி ரெண்டு வருஷ பீஸ் கட்டணும்மா. ஒண்ணே முக்கா லட்சம். கட்டினா ஒரிஜினல் கைல" என்றார். "இது எந்த ஊரு நியாயம் சார்? படிக்காத படிப்புக்குப் பீஸா?" என்றேன். "படிக்காத படிப்புக்கு ஸ்காலர்ஷிப் வாங்கினீங்களே, அது எந்த ஊரு நியாயம்?" என்றார். டீயைத் தள்ளிவைத்தேன். அவரே குரலைத் தணித்து, "வுடுங்க. அந்த நோட்டீசுக்கு, பையன் இங்கதான் படிக்கிறான், சென்னையில தெரியாம அப்ளை பண்ணிட்டான்னு எழுதிக் குடுங்க. நாங்க சர்டிபை பண்றோம். இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும், அப்பறம் சத்தமில்லாம ஒரிஜினல் தரேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி யோசித்தேன். யோசித்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் சென்னை இடம் போகும். ஆனால் நோட்டீஸ் நிற்கும், யார்டு தப்பிக்கும். ஒரு வருஷம் தானே என்று மனசு விலை பேசியது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். நீ அறையிலிருந்து வெளியே வந்தாய். எட்டு நாளில் என்னிடம் முதல் வார்த்தை. "காஞ்சிபுரம் போறேன். நோட்டீஸ் அனுப்புன ஆபீசரைப் பாத்து எல்லாத்தையும் சொல்லப்போறேன்" என்றாய்.

"இன்னாடா சொல்லுவே?"

"கையெழுத்து என்னுது. பொய் உன்னுது. ரெண்டையும் தனித்தனியா சொல்லுவேன்."

"கேஸ் ஆவும்டா! கவர்மென்ட ஏமாத்துன கேஸு. எந்த கேட்லயும் என்ன உள்ள வுடமாட்டானுங்க. இருவது வருஷம்டா, வெறுங்கையால ஆணி புடுங்குன யார்டு!"

"யார்டு முக்கியம்னா நீ வராத."

உன் அப்பா சாவியை எடுத்தார். "நான் வண்டிய எடுக்கறேன். ஏறறவங்க ஏறுங்க" என்றார். அந்த மனுஷன் இருபது வருஷத்தில் எனக்குப் போட்ட ஒரே உத்தரவு அது. புதன்கிழமை காலை குட்டி யானையில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நடுவில் நான்.  வாலாஜாபாத் வருவதற்குள் இறங்கி ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது, நடுவில் உட்கார்ந்தவள் எப்படி இறங்குவது?

மாவட்ட அலுவலகத்தில் அலுவலர் ஒரு அம்மா. வாக்கர் வைத்த பெரியவர் ஒருவரை அனுப்பிவிட்டு நம்மைக் கூப்பிட்டார். நீ நின்றுகொண்டே சொன்னாய். ஸ்டூல், விட்ட நாள், மழை, கையெழுத்து. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, எனக்காக ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். "படிச்சுக் காட்டினது யாரு?" என்றார். "நான்தாம்மா" என்றேன். "என்ன வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார். "பத்தாவது" என்றேன். "உள்ளத உள்ளபடி படிச்சுக் காட்டப் பத்தாவது போதுமே" என்றார். எத்தனையோ மேனேஜர்கள் எத்தனையோ பேசியிருக்கிறார்கள், நான் வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறேன். இதற்குச் சிரிக்க வரவில்லை. "பணத்த நான் செலவு பண்ணிட்டேன். கம்ப்ரசர் வாங்கினேன். பையனுக்கு ஒண்ணும் தெரியாது. கேஸ் போடணும்னா என் மேல போடுங்க" என்றேன். அதைச் சொல்லிவிட்டு என் கையை உன் பக்கமாக மேசையில் வைத்தேன். உன் கை வந்து அதைத் தேடவில்லை. தேடாமல் இருந்தது நியாயம்தான்.

"கேஸு அப்பறம். நீ ஏன் விட்டேன்னு மொதல்ல எழுதிக் குடுப்பா" என்று அவர் உன்னிடம் சொன்னார். நீ போனில் சொல்லச் சொல்ல அது எழுதியது. எனக்கு வேண்டிய வசதி செய்து தரப்படாததால் என்று அன்றைக்கு நீ திருத்திய அதே வரி. அவர் அதை அச்செடுத்து, உனக்கு ஒரு தடவை போனில் கேட்கவிட்டு, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினார். பிறகு கல்லூரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேலாளர் முதலில் இரண்டு வருஷ பீஸ் கதையைத் தொடங்கினார். "வராத பையனுக்கு அட்டெண்டன்ஸ் போட்ட ரெஜிஸ்டர எடுத்துக்கினு நாளைக்கு நேர்ல வாங்களேன், பீஸ் எவ்ளோன்னு சேர்ந்து பாக்கலாம்" என்றார் அந்த அம்மா. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம், "மேடம், வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள ஒரிஜினல் குடுத்துடறோம்" என்று வந்தது. நீ விட்ட நாளாகப் புரட்டாசியின் அந்த நாளையே கல்லூரி எழுதித் தர வேண்டும், பீஸ் பேச்சே கூடாது, நேராகக் கல்லூரிக்குப் போன கட்டணத்தை அவர்களே அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும், உன் கணக்குக்கு வந்ததை நாம் ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று அவர் முடித்தார். பணம் முழுதும் திரும்பியதும் புதுக் கல்லூரி உதவித்தொகைக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். மேல் நடவடிக்கை வருமா வராதா என்று நான் கேட்டேன். "ஒழுங்கா கட்டுங்க. அது வரைக்கும் ஃபைல் திறந்துதான் இருக்கும்" என்றார். அந்தப் பயம் இன்னும் என்னோடு இருக்கிறது. இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னையில் உன் இடம் உறுதியானது.

உனக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் மிச்சமில்லை, பட்டதைச் சொல்கிறேன். பணம் வருகிறது என்பதற்காக எந்தப் படிப்பிலும் உட்காராதே. உதவித்தொகை உன்னைத் தூக்கிவிடத்தான், கட்டிப்போட இல்லை. வரலாறும் ஒத்துவரவில்லை என்றால் அதையும் விடு, நான் ஒரு கேள்வி கேட்கமாட்டேன், கேட்டாலும் பதில் சொல்லாதே. ஆனால் விட்ட அன்றைக்கே எழுத்தில் கொடு, கொடுத்ததற்கு ரசீது வாங்கு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த ஒரு நாளில் என்னைப் போல ஒருத்தர் உன் பெயரில் வியாபாரம் செய்துவிடுவார். உன்னை நேசிக்கிறவர்தான் முதலில் செய்வார். ஹாஸ்டலில் யாராவது அன்பாகப் படித்துக் காட்ட வந்தால் வாங்கிக்கொள், எல்லாரும் நான் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் மட்டும் நீயே ஒரு தடவை கேள். கோபித்துக்கொள்கிறவன் கோபித்துக்கொள்ளட்டும்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று இதில் கேட்கப்போவதில்லை. நேற்று சாயங்காலம் யார்டில் நாம் பேசியதை மட்டும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு மாற்றிச் சொன்னேன் என்று வரக்கூடாது. கம்ப்ரசரை விற்று மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டிவிடுகிறேன் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் நீயே கட்டிட்டா இதுவும் உன் டீலாதாம்மா ஆவும். படிக்காம கையெழுத்து போட்டது நான். என் பாதி எனக்கு" என்றாய். "உனக்கு வருமானம் ஏதுடா?" என்றேன். "உன் கொட்டேஷன்ல எவ்ளோ தப்பு கீதுன்னு உனக்குத் தெரியுமா? நான் அடிச்சுத் தரேன். சம்பளம் குடு" என்றாய். மாதம் இரண்டாயிரம் என்று ஆரம்பித்தேன். ஐயாயிரம் என்றாய். உன் அப்பா ஒரு பலகையில் உட்கார்ந்து நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டீஸ் வந்த பிறகு நீ என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான், அதனால் வேண்டுமென்றே இழுத்தேன்.

முடிந்தது இது. நாற்பத்திரண்டாயிரம், மாதம் ஒன்றாக ஆறு தவணை, தவணைக்கு ஏழாயிரம், பாதி நான், பாதி நீ. கொட்டேஷன் வேலைக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு, ஒன்றாம் தேதி உன் கணக்கில் விழும், பரீட்சை மாதத்தில் வேலை செய்யாவிட்டாலும் பிடித்தம் கிடையாது. ஏடிஎம் அட்டை இன்றிலிருந்து உன்னிடம். உன் பெயருக்கு இந்த வீட்டுக்கு வரும் எந்தக் கவரையும் நான் பிரிக்கமாட்டேன். வந்தது வந்தபடி சென்னைக்கு அனுப்பிவைப்பேன். தபால் செலவு என்னுடையது.

அம்மா